பழைய ஃபோர்வீல் வண்டி சோதனையில் தேறவில்லையா? உரிமையாளர்கள் செய்ய வேண்டியவை

சி ரூசா முதல் லிங்கி வரையிலான கடலோர வட்டாரத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் லேண்ட் ரோவர், லேண்ட் குரூசர், பஜேரோ, ஜிம்னி போன்ற பழைய ஃபோர்வீல் வண்டிகள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. மழைக்காலச் செம்மண் பாதையில் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால், வண்டியை விற்கும்போதோ, எஞ்சினை மாற்றும்போதோ, சாலைச் சோதனையில் சிக்கும்போதோ அதே வண்டி சோதனை மையத்தில் தோல்வி கண்டு நிற்பதும் உண்டு.

எந்த வண்டிக்குக் கட்டாயச் சோதனை?

மலேசியாவில் தனியார் வாகனங்களுக்கு ஆண்டுதோறும் சாலைத் தகுதிச் சோதனை கிடையாது. காப்புறுதியும் சாலை வரியும் புதுப்பித்தால் போதும். லாரி, பஸ் போன்ற வணிக வாகனங்களுக்கு மட்டும் 6 மாதத்திற்கு ஒரு முறை சோதனை கட்டாயம்.

தனியார் வாகனங்களுக்கும் ஆண்டுச் சோதனையைக் கொண்டுவர அரசாங்கம் ஒரு முறை முயன்றது. 2009 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வில், 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் சாலை வரி புதுப்பிக்கும் முன் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்று கூறப்பட்டது. பழைய வண்டியை நம்பிப் பிழைக்கும் மக்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்ததால் சில வாரங்களுக்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. அண்டை நாடான சிங்கப்பூரிலோ 10 ஆண்டுகளைக் கடந்த கார்கள் ஒவ்வோர் ஆண்டும் சோதனைக்குச் செல்கின்றன.

எனவே தனியார் ஃபோர்வீல் வண்டி பெரும்பாலும் மூன்று வேளைகளில்தான் சோதனை மையத்திற்குப் போகிறது. ஒன்று, உரிமை மாற்றம். இரண்டு, எஞ்சின் அல்லது அமைப்பு மாற்றம். மூன்று, வண்டியை ஓட்டக்கூடாது என்று சாலைப் போக்குவரத்து இலாகா (ஜேபிஜே) தடை விதித்த பிறகு. 1994 முதல் இப்பணியைத் தனியொரு நிறுவனமாகச் செய்துவந்த புஸ்பாகோமின் ஏகபோக உரிமை 2024 ஆகஸ்ட் இறுதியில் முடிந்தது. இப்போது பிற நிறுவனங்களும் இத்துறையில் நுழைய வழி திறக்கப்பட்டுள்ளது.

ஒன்றை மறக்கக்கூடாது. உரிமை மாற்றத்திற்கான பி5 சோதனை முக்கியமாகச் சேசிஸ் எண், எஞ்சின் எண், கண்ணாடியின் கருமை, அனுமதியில்லாத மாற்றங்கள் ஆகியவற்றையே பார்க்கிறது. அதில் தேறிவிட்டதால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. வாங்குபவர் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் தனியாகக் காட்டியே ஆக வேண்டும்.

எண்கள் பொருந்தாவிட்டால்

பழைய லேண்ட் ரோவரில் ஜப்பானிய டீசல் எஞ்சின் பொருத்துவது பட்டறைகளில் வழக்கமான வேலை. எஞ்சின் எண் ஜேபிஜே பதிவோடு பொருந்தாவிட்டால் சோதனையில் தேறாது. எஞ்சினை மாற்றும் முன்பே ஜேபிஜேயில் அனுமதி கேட்க வேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீதையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சேசிஸ் எண் துருவில் மறைந்திருந்தால் மென்மையாகத் துடைத்து, துரு நீக்கும் எண்ணெய் தடவிப் பார்க்கலாம். அரைக்கும் இயந்திரம் வைக்கக்கூடாது. எண்ணைச் சொந்தமாகத் திரும்ப அடிக்கவே கூடாது. அது வண்டியைத் திருட்டு வண்டியாகக் காட்டிவிடும். எண் தெளிவாக இல்லையென்றால் நேரே ஜேபிஜே அலுவலகத்தில் விளக்கம் கேட்பதே முறை.

துரு: கடலோர வண்டிகளின் முதல் எதிரி

லேண்ட் ரோவரின் பழைய மாடல்களில் உடல் அலுமினியம். அடியில் உள்ள சேசிஸோ இரும்பு. மேலே பளபளவென்று இருக்கும் வண்டி அடியில் இற்றுப்போயிருக்கலாம். கடற்காற்றின் உப்பும், சேசிஸ் பெட்டிக்குள் தேங்கும் தோட்டத்துச் சேறும் உள்ளிருந்தே அரிக்கின்றன. பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் தாங்கிகள் ஆகிய இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டங்’ என்ற ஓசை வந்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் அங்கே இரும்பு மெலிந்துவிட்டது.

பட்டி பூசி, சாயம் அடித்து மறைப்பது ஆபத்து. அரித்த பகுதியை வெட்டி எடுத்து, தகுந்த தடிப்புள்ள தகட்டைப் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றுவதும், பெட்ரோல் அல்லது டீசல் டாங்கியை அப்புறப்படுத்துவதும் அவசியம்.

பிரேக்

லேண்ட் ரோவரின் பழைய மாடல்களில் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்குச் செல்லும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. அங்கே சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் பிரேக் ஷூ நனைந்து, எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் பழைய கதைதான்.

உருளையில் பிரேக் சோதிக்கும் முன், வண்டி எப்போதும் நான்கு சக்கரத்திலும் இயங்கும் வகையா, கைப்பிரேக் ஷாஃப்டில் உள்ளதா என்பதை அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். இரு சக்கர இயக்கத்திற்கு மாற்றக்கூடிய வண்டியை அப்படி மாற்றி வைக்க வேண்டும். டிஃப் லாக்கும் விலக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் வண்டி உருளையிலிருந்து துள்ளலாம், கியர்பெட்டியும் சேதமடையலாம்.

புகை

டீசல் வாகனப் புகைக்கான வரம்பு 1996ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிகளின்படி 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு. கரும்புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து இன்ஜெக்டர் நாசல், பிறகு பம்ப் டைமிங் என்ற வரிசையில் பார்ப்பது செலவைக் குறைக்கும். நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. ரிங், வால்வு சீல் வேலை இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே சோதனைக்குச் செல்ல வேண்டும்.

பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங்

அளவுக்கு மீறிய டயர் வேகமானியை ஏமாற்றுகிறது. டயரின் சுற்றளவு 10 விழுக்காடு கூடினால், முள் 90 காட்டும்போது வண்டி உண்மையில் 99 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வண்டியை உயர்த்தினால் விளக்கொளியும் உயர்ந்து எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஸ்டீயரிங் கோணமும் மாறும். தேய்ந்த டை ராட், பால் ஜாயிண்ட் ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கண்ணாடியைப் பொறுத்தவரை, 2019 மே மாதம் முதல் நடப்பிலுள்ள விதிப்படி முன்கண்ணாடி 70 விழுக்காடும், முன்கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும்.

தோல்விக்குப் பிறகு

சோதனை அறிக்கையில் குறை வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், பிரேக், ஸ்டீயரிங், சேசிஸ் ஆகிய மூன்றையும் முதலில் சரிசெய்ய வேண்டும். மறுசோதனைக்குரிய காலத்தை மையத்திலேயே கேட்டுக்கொண்டு முன்பதிவு செய்வது நல்லது. காப்புறுதியோ சாலை வரியோ இல்லாத வண்டியையும், ஓட்டத் தடை விதிக்கப்பட்ட வண்டியையும் இழுவை லாரியில்தான் கொண்டுபோக வேண்டும். வழியில் யாராவது அடிபட்டால் இழப்பீட்டுச் சுமை முழுவதும் உரிமையாளர் தலையில் விழும்.

“பணம் கொடுத்தால் தேறவைக்கிறேன்” என்று வரும் இடைத்தரகர்களை நம்பக்கூடாது. கையூட்டு கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். அந்தப் பணத்தில் பிரேக் ஷூவே வாங்கிவிடலாம்.

பழுதுபார்க்கும் செலவு வண்டியின் விலையைத் தாண்டினால், உதிரிபாகங்களுக்கு விற்றுவிடலாம் என்று தோன்றும். அப்போதும் ஜேபிஜேயில் பதிவை முறைப்படி ரத்து செய்த பிறகே கைமாற்ற வேண்டும். பெயர் உங்களிடமே இருக்கும்வரை அந்த வண்டியின் சம்மன்களும் உங்கள் வீட்டுக்கே வரும்.

ஆண்டுச் சோதனை இல்லை என்பதால் பொறுப்பு உரிமையாளர் கையில் இருக்கிறது. சாலை வரி புதுப்பிக்கும் மாதத்தில், ஆண்டுக்கு ஒரு முறை, வண்டியை மேலேற்றி அடிப்பகுதி முழுவதையும் மெக்கானிக்கிடம் காட்டுவது நல்ல பழக்கம். வார இறுதியில் சுற்றுப்பயணிகள் நிறையும் கடலோரச் சாலையில், பிள்ளைகளையும் வேலையாட்களையும் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அது பெரிய செலவு அல்ல.