வெளிநாட்டு வீட்டுப்பணிக்குத் தனியே செல்லும் பெண்களின் பாதுகாப்பும் உடல்நலமும்

வெளிநாட்டு வீட்டுப்பணி என்பது ஒரு நாட்டைச் சேர்ந்தவர் மற்றொரு நாட்டில் தனியார் இல்லமொன்றில் தங்கிச் சமையல், துப்புரவு, குழந்தை அல்லது முதியோர் பராமரிப்பு ஆகிய வேலைகளை ஊதியத்திற்குச் செய்வதாகும். தமிழ்நாட்டிலிருந்து இப்பணிக்குச் செல்லும் பெண்கள் பெரும்பாலும் குடும்பத்தினர் துணையின்றித் தனியே பயணம் செய்கின்றனர். பணியிடமும் தங்குமிடமும் ஒரே வீடாக இருப்பதால் தொழிற்சாலைத் தொழிலாளருக்கு இல்லாத இடர்கள் இவர்களுக்கு உண்டு. இவர்களது பாதுகாப்பின் பெரும்பகுதி, புறப்படும் முன்னர் பெறப்படும் ஆவணங்களைப் பொறுத்தே அமைகிறது.

== பின்னணி ==

புதுக்கோட்டை மாவட்டத்தின் இலுப்பூர் வட்டமும் அதன் சுற்றுப்பகுதிகளும் மழையையும் கண்மாய்ப் பாசனத்தையும் நம்பிய வறண்ட நிலப்பகுதிகளாகும். பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் இத்தகைய உள்மாவட்டங்களிலிருந்து கங்காணி முறையில் இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் சென்றனர். அக்காலத்தில் பெண்கள் பெரும்பாலும் குடும்பத்துடனேயே சென்றனர். இலங்கை சென்றோர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, தொற்றுநோய்ச் சோதனைக்குப் பின்னரே கடல் கடக்க அனுமதிக்கப்பட்டனர்.

எண்ணெய் வருவாயால் வளைகுடா நாடுகளில் வீட்டுப்பணியாளர் தேவை பெருகியபோது பெண்கள் தனித்துச் செல்லும் வழக்கம் பரவியது. இலுப்பூர்ப் பகுதிக்கு அண்மையிலுள்ள பன்னாட்டு வானூர்தி நிலையம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது. சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா நகரங்கள் சில ஆகியவற்றுக்கு அங்கிருந்து நேரடி வானூர்திகள் செல்கின்றன.

== புறப்படும் முன் ==

=== கடவுச்சீட்டும் குடியகல்வு அனுமதியும் ===

1983ஆம் ஆண்டு இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதோர் உள்ளிட்ட சில பிரிவினரின் கடவுச்சீட்டு 'குடியகல்வுச் சோதனை தேவை' என்ற வகையைச் சேர்ந்தது. இவர்கள் சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், ஓமான், பகுரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாப்பாளரிடம் அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூர் இப்பட்டியலில் இல்லை.

இவ்வகைக் கடவுச்சீட்டு உடைய பெண்கள் மேற்கண்ட நாடுகளில் வீட்டுப்பணிக்குச் செல்லக் குறைந்தபட்ச வயது 30 என விதிக்கப்பட்டது. 2016 முதல் இவர்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்பவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அப்பொறுப்பு, 1978இல் தொடங்கப்பட்ட மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திடம் உள்ளது.

=== விசாவின் வகை ===

வேலை விசாவில் செல்பவரின் பெயர், முதலாளியின் பெயர், ஒப்பந்தம், ஊதியம் ஆகியன அரசின் இணையப் பதிவில் இடம்பெறும். அனுமதி பெறுவோருக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்னும் காப்பீடு கட்டாயமாகும். 2017இல் திருத்தப்பட்ட இத்திட்டத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாயும் மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாயும் கட்டணமாக விதிக்கப்பட்டன. விபத்தால் இறப்பு அல்லது நிரந்தர ஊனம் நேர்ந்தால் 10 இலட்சம் ரூபாய் காப்பீடு உண்டு.

சுற்றுலா விசாவில் சென்று, அங்கு போய் வேலை விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என முகவர் கூறும் வழியில் இவை எதுவும் இல்லை. ஒப்பந்தம் பதிவாகாது, காப்பீடு கிடைக்காது, அப்பெண் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது தூதரகத்திற்குத் தெரியாது. விசாக் காலம் முடிந்ததும் அவரே குடிவரவுச் சட்டத்தை மீறியவராகக் கருதப்படுவார்.

=== வயதும் பிற விவரங்களும் ===

வயது வரம்பைக் கடக்கப் பொய்யான பிறந்த தேதியுடன் கடவுச்சீட்டு பெறுவது பிற்காலத்தில் பெரும் தீங்காக முடியலாம். இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ஓர் இளம்பெண், உண்மை வயதைக் கூட்டிக்காட்டிய கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதி அரேபியாவுக்கு வீட்டுப்பணிக்குச் சென்றார். அவரது பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்ததையடுத்து அவர்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. பிறப்புச் சான்றிதழின்படி நிகழ்வின்போது அவருக்கு 17 வயதே ஆகியிருந்தது. விசாரணையின் தொடக்கத்தில் தகுதியான மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றும் மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. எனினும் 2013 சனவரி 9 அன்று அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

== உடல்நலம் ==

* '''மருத்துவச் சோதனை:''' வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் அந்நாடுகள் ஏற்ற மையங்களில் காசநோய், எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி ஆகியவற்றுக்கான சோதனை செய்துகொள்ள வேண்டும். சென்றடைந்த பின்னரும் சோதனை உண்டு. அதில் தகுதி பெறாதோர் திருப்பி அனுப்பப்படலாம். சிங்கப்பூரில் வீட்டுப்பணிப்பெண்களுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை நடத்தப்படுகிறது. கருவுற்றிருப்பது தெரியவந்தால் வேலை அனுமதியை இழக்க நேரிடும்.
* '''குருதிச்சோகை:''' 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுடைய பெண்களில் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். நீண்ட நேர உடலுழைப்பு மயக்கத்தையும் மூச்சுத்திணறலையும் மிகுவிக்கும் என்பதால் குருதிச் சோதனையும் சிகிச்சையும் ஊரிலேயே முடித்துக்கொள்வது நன்று.
* '''மருந்துகள்:''' நீரிழிவு, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றுக்கான மருந்துகளை அசல் உறையுடனும், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டுடனும் எடுத்துச் செல்ல வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், சில மனநல மருந்துகள் ஆகியவை வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை.
* '''துப்புரவுப் பொருட்கள்:''' வெளுப்புத் திரவத்தையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளிமம் வெளிப்படும். மூடிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்தாகலாம்.
* '''உயரமான கட்டடங்கள்:''' சன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கும்போது விழுந்து இறந்த நிகழ்வுகளைத் தொடர்ந்து, 2012இல் சிங்கப்பூர் இது குறித்து விதி வகுத்தது. தரைத்தளமும் பொது நடைபாதையை ஒட்டிய சன்னல்களும் தவிர ஏனைய இடங்களில், சன்னற்கம்பி பூட்டப்பட்டு முதலாளி அல்லது அவர் அமர்த்திய பெரியவர் ஒருவர் மேற்பார்வையில் மட்டுமே இவ்வேலையைச் செய்விக்கலாம்.

== பயணப் பொதி ==

தமிழகச் சமையலில் இயல்பாகப் பயன்படும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டதாகும். குருமாப் பொடியில் அரைத்துக் கலந்திருப்பினும் இடர் உண்டு. மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டுள்ளது.

பிறர் தரும் பொதியைத் திறந்து பார்க்காமல் எடுத்துச் செல்லக்கூடாது. உறவினர் ஒருவர் கொடுத்தனுப்பிய பொதியில் போதைப்பொருள் இருந்ததால், மும்பையைச் சேர்ந்த கணவனும் கருவுற்றிருந்த மனைவியும் 2019இல் கத்தாரில் பிடிபட்டனர். பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவர்கள் 2021இல் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர்.

== பணியிடச் சட்டங்கள் ==

வளைகுடா நாடுகளில் பணியாளரின் தங்கும் உரிமை முதலாளியுடன் பிணைக்கப்பட்டிருக்கும் முறை 'கஃபாலா' எனப்படும். முதலாளி 'கஃபீல்' எனப்படுவார். பணியாள் ஓடிவிட்டார் என கஃபீல் புகாரளித்தால், துன்புறுத்தலுக்கு அஞ்சி வெளியேறிய பெண்ணும் சட்டமீறியவராகக் கருதப்படலாம். எனவே வீட்டைவிட்டு வெளியேறினால் தாமதமின்றித் தூதரகத்தையோ காவல்துறையையோ அணுகுவது இன்றியமையாதது.

அண்மைக்காலத்தில் பல நாடுகள் வீட்டுப்பணிக்கெனச் சட்டங்கள் இயற்றின.

* '''குவைத்:''' 2015ஆம் ஆண்டுச் சட்டம் நாளொன்றுக்கு அதிகபட்சம் 12 மணிநேர வேலை, வார விடுமுறை, ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு ஆகியவற்றை வகுத்தது. பணியாளரின் கடவுச்சீட்டை அவரது இசைவின்றி முதலாளி வைத்திருப்பதையும் தடுத்தது.
* '''கத்தார்:''' 2017ஆம் ஆண்டுச் சட்டம் நாளொன்றுக்கு 10 மணிநேர வரம்பையும் வார விடுமுறையையும் வகுத்தது.
* '''சிங்கப்பூர்:''' வீட்டுப்பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயது 23. மாதத்தில் ஒரு நாளாவது பணத்தால் ஈடுசெய்ய முடியாத ஓய்வுநாளாக அளிக்கப்படவேண்டும் என்ற விதி 2023 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

சட்டம் இருப்பினும், பூட்டிய வீட்டினுள் அதைச் செயற்படுத்துவது கடினமாகவே உள்ளது. 2015இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த வீட்டுப்பணிப்பெண் ஒருவர் ரியாத்தில் வலக்கையை இழந்தார். முதலாளி தரப்பினர் வெட்டியதாக அவர் குற்றஞ்சாட்டினார். தப்பிக்க முயன்றபோது விழுந்ததால் ஏற்பட்ட காயம் எனச் சவூதித் தரப்பு கூறியது. அப்போதைய இந்திய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் இந்நிகழ்வைக் கண்டித்தார்.

== இடர் நேர்ந்தால் ==

கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றின் படிகளில் ஒரு தொகுதியை வீட்டில் ஒப்படைத்துச் செல்வதே முதன்மையான முன்னேற்பாடாகும். முதலாளியின் முழுப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், முகவரின் பெயர் ஆகியனவும் ஊரில் இருக்க வேண்டும். இவை இல்லாதபோது மாவட்ட ஆட்சியரிடம் குடும்பத்தினர் அளிக்கும் மனுவால், அப்பெண் இருக்கும் வீட்டை விரைந்து கண்டறிய இயலாது.

கைப்பேசி பறிக்கப்படலாம் என்பதால் இரண்டு எண்களையாவது மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஒன்று வீட்டினுடையது, மற்றொன்று அந்நாட்டு அவசர எண்.

* ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், பகுரைன், மலேசியா: காவல்துறை 999
* சிங்கப்பூர்: காவல்துறை 999, மருத்துவ ஊர்தி 995
* குவைத்: 112
* ஓமான்: 9999

இந்திய வெளியுறவு அமைச்சு 2015இல் தொடங்கிய 'மதத்' என்னும் இணையத்தளத்தில் குடும்பத்தினர் ஊரிலிருந்தே முறையீட்டைப் பதியலாம். 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நலநிதியிலிருந்து தற்காலிகத் தங்குமிடம், அவசர மருத்துவம், திரும்பும் வானூர்திச் சீட்டு ஆகியவற்றுக்குத் தூதரகங்கள் உதவலாம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் இத்தகைய முறையீடுகளைக் கையாள்கிறது.

== வயது வரம்பு குறித்த விவாதம் ==

30 வயது வரம்பு இளம்பெண்களைச் சுரண்டலிலிருந்து காக்கிறது என்பது அரசுத் தரப்பின் வாதமாகும். ஆண்களுக்கு இல்லாத தடையைப் பெண்களுக்கு விதிப்பது சமத்துவத்திற்கு எதிரானது என்று தொழிலாளர் உரிமை அமைப்புகள் கூறுகின்றன. கடன்சுமையால் புறப்பட்டே தீரவேண்டிய பெண்ணைத் தடை நிறுத்துவதில்லை. அது அவரைச் சுற்றுலா விசாவின் பக்கம் தள்ளுகிறது என்பது அவ்வமைப்புகளின் மற்றொரு வாதம். அவ்வாறு செல்பவர் காப்பீடு, ஒப்பந்தப் பதிவு ஆகிய இரண்டையும் இழக்கிறார். இதனால் அப்பெண்களைக் காக்க வகுக்கப்பட்ட விதியே, அவர்களில் சிலரை அரசின் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.