எரிகோவின் ஊற்றருகே

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலை ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். அதற்குள் ஆயிரம் மீட்டர் கீழே வந்துவிடுகிறோம். இருமருங்கும் யூதேயப் பாலைநிலத்தின் மொட்டைக் குன்றுகள். கள்வர் பதுங்க இடத்துக்குக் குறைவில்லை. நல்ல சமாரியர் உவமைக்கு ஆண்டவர் இவ்வழியைத் தேர்ந்ததன் பொருத்தம், 2019இல் திருப்பயணிகள் சிலரோடு அங்கே சென்றபோதுதான் நமக்கு முழுமையாக விளங்கிற்று.

எரிகோ கடல் மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் தாழ்ந்து கிடக்கும் சிற்றூர். மேகங்கள் மேற்கு மலைகளிலேயே பொழிந்துவிடுவதால் இங்கே மழை அரிது. ஆயினும் பேரீச்சையும் வாழையும் செழிக்கின்றன. காரணம், ஐன் எஸ்-சுல்தான் என்னும் ஊற்று. இறைவாக்கினர் எலிசா உப்பிட்டு நலமாக்கிய நீர் இதுவே என்பது மரபு. மேற்கே சோதனை மலை, தெற்கே சாக்கடல். யோர்தானின் நீரைப் பல நாட்டாரும் திருப்பிக்கொள்வதால் அக்கடல் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்து வருகிறது என்பது வருத்தத்துக்குரியது.

ஊற்றை ஒட்டிய மண்மேட்டில்தான் பழைய எரிகோ புதைந்துள்ளது. உடன் வந்த முதியவர் ஒருவர், "சாமி, யோசுவா வீழ்த்திய மதில் எங்கே?" என்றார். நாம் சற்றுத் தயங்கினோம். 1930களில் அகழ்ந்த கார்ஸ்டாங் அம்மதிலைக் கண்டதாக அறிவித்தார். பழைய நூலொன்றை நம்பி அதையே பல்லாண்டு மறையுரையில் சொல்லி வந்தவர் நாம். ஆனால் 1952 முதல் 1958 வரை அகழ்ந்த கேத்லீன் கென்யன் அம்மதில் யோசுவாவின் காலத்துக்குப் பல நூற்றாண்டு முந்தியது எனக் காட்டினார். யோசுவாவின் காலத்து மதிலாகக் கொள்ளத்தக்க ஒன்றையும் அவர் காணவில்லை. அவர் கண்டதோ கி.மு. 8000 அளவில் எழுப்பிய, எட்டு மீட்டருக்கு மேல் உயர்ந்த கற்கோபுரம்! 2023இல் இம்மேடு உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

உண்மையைச் சொன்னோம். மறைநூல் ஆசிரியர் கையாண்ட இலக்கிய வகையை உணர்ந்தே அவர் கருத்தை அறிய வேண்டும் என 1965இல் வத்திக்கான் சங்கம் கற்பித்ததையும் சேர்த்துச் சொன்னோம். குருமடத்தில் எளிதாக எழுதிய விடை, அந்த மேட்டில் எளிதாக வரவில்லை. முதியவர் மறுத்தும் பேசவில்லை; ஊற்றில் முகம் கழுவிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் மறையுரைக் குறிப்பேட்டில் அவ்வரியை அடித்தோம். அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு சிறுமி கேட்டாள்: "அப்படியானால் எக்காளம் ஊதினார்களா இல்லையா, சாமி?"