எருவும் ஏக்கரும்



இயற்கை வேளாண்மை ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்பதுபோல் இன்று பேசப்படுகிறது. ஆண்டையின் தொழுவம் கூட்டி, சாணம் அள்ளி, எருக்குழி நிரப்பி, கூடை கூடையாகச் சுமந்து வயலில் கொட்டியவர்கள் நம் பாட்டிகள். அந்த வயலில் ஒரு வரப்புகூட அவர்களுடையதல்ல.

ஒன்றிய அரசு 2015-இல் பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனாவைத் தொடங்கியது. 2018 வழிகாட்டு நெறிகளின்படி ஹெக்டேருக்கு 3 ஆண்டுகளில் 50,000 ரூபாய் என்றிருந்தது. அதில் 31,000 ரூபாய் இடுபொருளுக்காக உழவருக்கு நேரடியாகச் சேர்ந்தது. மானியத்தை அளக்கும் கோல் ஹெக்டேர். எரு சுமந்த தலைக்கு அதில் கணக்கில்லை.

நம் கையில் ஏன் நிலமில்லை? செங்கல்பட்டில் ஆட்சியராயிருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர் நிலை குறித்து அறிக்கை அளித்தார். 1892-இல் சென்னை மாகாண அரசு நமக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பிற வகுப்பாருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆனாலும் அந்தப் பஞ்சமி நிலம் கைமாறியது. காரணையில் அதை மீட்கும் போராட்டத்தில், 1994-இல், ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

நஞ்சில்லா வேளாண்மைக்கு நாம் எதிரிகளல்லர். பூச்சிமருந்துத் தெளிப்பானை முதுகில் சுமந்தவர்களும் நாமே. நாம் கேட்பது இரண்டு: பஞ்சமி நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும். அதுவரை, எருவிடும் கைகளுக்கும் அந்த மானியத்தில் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும்.