எந்த ஊர்? எவ்வளவு ஃபீஸ்? மருத்துவக் கல்லூரிகளின் ஒரு பழைய கணக்கு

டாக்டர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் எந்த வீட்டிலும் இரண்டு கேள்விகள் எழும். கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது? ஃபீஸ் எவ்வளவு? இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஊர் தூரமாக இருந்தால் செலவு கொஞ்சம் குறையுமா, பக்கத்தில் என்றால் கூடுமா என்று பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

ஆனால் இந்தியாவில் மருத்துவக் கல்விக் கட்டணத்தின் வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே ஆசிரியர். பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு மாணவர்கள் கட்டும் பணம் மட்டும் வேறு வேறு. காரணம், ஒருவர் அந்த மாநிலத்துக்காரர், இன்னொருவர் வெளியூர்க்காரர். இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. சுதந்திரம் கிடைத்த சில வருடங்களிலேயே இதற்காக ஒரு மாணவர் உச்ச நீதிமன்றம் வரை போனார்.

இந்தூர்: 1,500 ரூபாய் வழக்கு

1952-ம் ஆண்டு, டெல்லியைச் சேர்ந்த டி.பி. ஜோஷி என்ற மாணவர் இந்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது இந்தூர் மத்திய பாரத் என்ற மாநிலத்தில் இருந்தது. அந்த மாநில அரசின் விதி இதுதான்: மத்திய பாரத் வாசிகளுக்கு கேபிடேஷன் ஃபீஸ் கிடையாது. வெளி மாநிலத்தவர் ஆண்டுக்கு 1,500 ரூபாய் கட்ட வேண்டும். அரசுகள் பரிந்துரைத்து அனுப்பும் மாணவர் என்றால் 1,300 ரூபாய்.

பணத்தைக் கட்டிவிட்ட ஜோஷி, இது அரசியல் சட்டம் தரும் சமத்துவத்துக்கு விரோதம் என்று வழக்குத் தொடர்ந்தார். பிறந்த இடத்தைக் காரணம் காட்டி யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்கிறதே அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, அப்படியிருக்க இது எப்படிச் செல்லும் என்பது அவர் கேள்வி.

1955 ஜனவரி 27 அன்று தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் ஜோஷிக்கு எதிராக முடிவு செய்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டுக்காரரான டி.எல். வெங்கடராம அய்யர். கர்நாடக சங்கீத உலகில் தீட்சிதர் கீர்த்தனைகளில் ஆழ்ந்த புலமை உள்ளவர் என்று அறியப்பட்ட அதே அய்யர்தான். பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு; 15-வது பிரிவு தடுப்பது முதலாவதை மட்டுமே என்றது தீர்ப்பு. கல்லூரியை நடத்த மாநிலம் தன் பணத்தைச் செலவிடுகிறது. எனவே தன் மக்களுக்குச் சலுகை தருவதில் தவறில்லை. உள்ளூர் மாணவர்களில் சிலராவது படித்து முடித்து அங்கேயே டாக்டராகத் தொழில் செய்வார்கள் என்பதும் சொல்லப்பட்ட நியாயம். நீதிபதி ஜகந்நாததாஸ் மட்டும் மாறுபட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மத்திய பாரத் மாநிலமே மத்தியப் பிரதேசத்தோடு சேர்ந்து மறைந்துவிட்டது. ஆண்டுக்கு 1,500 ரூபாய் வித்தியாசத்தை உண்டாக்கிய அந்த எல்லைக்கோடு, தீர்ப்புக்குப் பிறகு இரண்டு வருடம்கூட நிற்கவில்லை! கோடுதான் போனது, தீர்ப்பின் தத்துவம் போகவில்லை. 1971-ல் மைசூர் மாநிலம் மருத்துவ சீட்டுக்குப் பத்தாண்டு வசிப்பு வேண்டும் என்று வைத்திருந்த விதியையும் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

மாநிலம் சரி, மாவட்டம் தவறு

மாநிலத்துக்கு ஒரு எல்லை இருக்கலாம் என்றால் மாவட்டத்துக்கும் இருக்கலாமா? இந்தக் கேள்வி நம் ஊரிலிருந்தே போனது. அன்றைய சென்னை மாநில அரசு, மருத்துவ சீட்டுகளை மக்கள் தொகை விகிதப்படி மாவட்டவாரியாகப் பிரித்தது. இல்லாவிட்டால் சென்னை நகர மாணவர்களே அதிக இடங்களைப் பிடித்துவிடுவார்கள் என்பது அரசின் வாதம். நல்ல பள்ளிகள் நகரத்தில் குவிந்திருந்த காலத்தில் இதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 1968 ஜனவரியில் பி. ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. ஒரு மாவட்டத்தில் தகுதி கூடிய மாணவர் தோற்று, வேறு மாவட்டத்தில் தகுதி குறைந்தவர் நுழைவது சமத்துவம் ஆகாது என்பது காரணம். அதாவது மாநில எல்லைக்கு ஒரு நியாயம், மாவட்ட எல்லைக்கு வேறொரு நியாயம்.

தும்கூர்: 60,000 ரூபாய் வழக்கு

இதற்கிடையில் தனியார் கல்லூரிகள் வந்துவிட்டன. 1953-ல் டாக்டர் டி.எம்.ஏ. பாய் மணிப்பாலில் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். மாணவர் கட்டும் பணத்தைக் கொண்டே கல்லூரி நடத்தும் முறைக்கு அது முன்னோடி ஆனது. பின்னர் கர்நாடகத்தில் இப்படிப் பல கல்லூரிகள் முளைத்தன. நன்கொடை வசூல் எல்லை மீறியதால் 1984-ல் அந்த மாநிலம் கேபிடேஷன் ஃபீஸைத் தடை செய்து சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் கீழேயே 1989 ஜூனில் ஒரு கட்டணப் பட்டியலும் வந்தது.

தனியார் கல்லூரியில் அரசு சீட் என்றால் ஆண்டுக்கு 2,000 ரூபாய். மற்ற கர்நாடக மாணவர்களுக்கு 25,000 வரை. வெளி மாநில மாணவர்களுக்கு 60,000 வரை. முப்பது மடங்கு வித்தியாசம்!

உத்தரப் பிரதேசத்தின் மீரட்டைச் சேர்ந்த மோகினி ஜெயினுக்கு 1991-ல் தும்கூர் அருகே ஒரு கல்லூரியில் இடம் தரத் தயாராக இருந்தார்கள். முதல் ஆண்டுக்கு 60,000 ரூபாயும், மீதி வருடங்களுக்கு வங்கி உத்தரவாதமும் கேட்டார்கள். தந்தையால் முடியவில்லை. சீட் போயிற்று.

1992 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், அந்த 60,000 என்பது வேறு பெயரில் வாங்கப்படும் கேபிடேஷன் ஃபீஸ்தான் என்று சொல்லி அதை ரத்து செய்தது. கல்வி பெறும் உரிமை வாழும் உரிமையிலிருந்தே பிறக்கிறது என்றும் அறிவித்தது. பாடப்புத்தகங்களில் இடம்பெறும் தீர்ப்பு இது. ஆனால் பலருக்குத் தெரியாத விஷயம், மோகினி ஜெயினுக்கு அந்தத் தீர்ப்பில் சீட் கிடைக்கவில்லை. அவர் மெரிட்டில் தேர்வானவர் அல்ல, வகுப்புகளும் 1991-லேயே தொடங்கிவிட்டன என்று நீதிமன்றம் கைவிரித்தது. வழக்கில் ஜெயித்தவர் வகுப்புக்குப் போகவில்லை.

அதன் பிறகு

1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் தனியார் கல்லூரிகளில் பாதி இலவச சீட், பாதி கட்டண சீட் என்ற திட்டம் வந்தது. கட்டண சீட்காரர் இலவச சீட்காரரின் செலவையும் சுமந்தார். 2002-ல் பதினொரு நீதிபதிகள் அந்தத் திட்டத்தைக் கலைத்தார்கள். அந்த வழக்கின் பெயரே டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கு! 2005-ல் இனாம்தார் வழக்கு, 15 சதவீதம் வரை வெளிநாடு வாழ் இந்தியர் ஒதுக்கீட்டுக்கு அனுமதி தந்தது.

எல்லைக்கோடும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில், எல்லா சீட்டையும் உள்ளூர்க்காரர்களுக்கே வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. 1986-ல் அது அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீடாக நிலைத்தது. 2025 ஜனவரியில் மருத்துவ மேற்படிப்பில் வசிப்பிட ஒதுக்கீடே செல்லாது என்று தீர்ப்பானது. எம்.பி.பி.எஸ்.ஸில் மட்டும் அது தொடர்கிறது.

ஆக, இருப்பிடச் சான்றிதழ் என்ற ஒரு தாள் வெறும் முகவரிக்கு ஆதாரம் அல்ல. அதற்கு ரூபாயில் ஒரு மதிப்பு இருக்கிறது. 1952-ல் அது ஆண்டுக்கு 1,500, 1991-ல் 58,000 வரை. உள்ளூர் மாணவனுக்குச் சலுகை தருவதில் நியாயம் உண்டு. அவனுடைய ஊருக்கு ஒரு டாக்டர் கிடைக்கலாம். ஆனால் அந்தச் சலுகையின் விலையைச் சில சமயம் கட்டியது அரசு அல்ல, மீரட்டில் இருந்து வந்த ஒரு மாணவியின் குடும்பம். கவுன்சலிங் பட்டியலில் ஊரையும் ஃபீஸையும் ஒப்பிடும்போது இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பவர்கள், ஊருக்குள்ளேயே ஒளிந்திருக்கும் இந்த ஃபீஸையும் சேர்த்துக் கூட்டிக்கொள்வது நல்லது.