வேலூர், ஆம்பூர் மதரசாக்களில் மனனப் பயிற்சி

வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டிய தோல் தொழில் ஊர்களில், குர்ஆன் முழுவதையும் மனனம் செய்யும் ஹிஃப்ழுக் கல்வி நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. வேலூரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் நிறுவிய பாகியாத்துஸ் ஸாலிஹாத் மதரசாவும், ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் தோல் வணிகர் காகா முஹம்மது உமர் 1924இல் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாமும் இப்பகுதியின் மார்க்கக் கல்விக்குத் தூண்களாக விளங்குபவை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைக் கடல் கடந்து விற்ற வருவாயில் ஒரு பங்கு பள்ளிவாசல்களுக்கும் மதரசாக்களுக்கும் போனது. எதை எப்போது திரும்பச் சொன்னால் நெஞ்சில் நிற்கும் என்ற கேள்விக்கு, தலைமுறை தலைமுறையாக ஓதிப் பார்த்துக் கண்ட விடை இந்த மதரசாக்களில் இன்றும் நடைமுறையில் உள்ளது.

மதரசாக்களில் மட்டுமல்ல, 19ஆம் நூற்றாண்டின் திண்ணைப் பள்ளிகளிலும் மனனமே கல்விக்கு அடித்தளமாக இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் பதிவாயினர். அவற்றில் தமிழ் ஊர்களின் திண்ணைப் பள்ளிகளும் அடங்கும். மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைகள் நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று முதலிய வாய்பாடுகளை மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, பின்னே சேர்ந்து சொன்னார்கள். உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் இன்னொரு வழக்கத்தையும் பதிவு செய்திருக்கிறார். மாலையில் வீட்டுக்குப் புறப்படும் பிள்ளைக்கு உபாத்தியாயர் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் பிள்ளை அவற்றை மறக்காமல் சொல்ல வேண்டும். ஓர் இரவு கடந்தபின் நினைவிலிருந்து எடுத்துத் தரும் பயிற்சி இது. கூட்டமாகக் கத்திச் சொல்லும்போது தெரியாதவன் தெரிந்தவனின் குரலில் ஒளிந்துகொள்ளலாம். தனியே நின்று சொல்லும்போது அதற்கு இடமில்லை.

ஹிஃப்ழுப் பாடம் இந்தத் தனிச் சோதனையைத் தன் மையமாக வைத்துக்கொண்டது. குர்ஆனில் 114 ஸூராக்கள் (அத்தியாயங்கள்) உள்ளன. ஓதும் வசதிக்காக அது 30 பாராக்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. பார்த்துப் பிழையின்றி ஓதத் தெரிந்த பிறகே மாணவர் மனனத்தைத் தொடங்குவார். அன்றாட வேலை மூன்று பிரிவாக இருக்கும். புதிதாக மனனம் செய்தது சபக். அண்மை நாட்களில் முடித்த பாடங்களைத் திரும்ப ஒப்பிப்பது சபக் பாரா. முன்பே முடித்த பாராக்களைச் சுழற்சி முறையில் ஒப்பிப்பது ஆமூக்தா. புதுப் பாடம் எவ்வளவு நன்றாக வந்தாலும், பழையது தடுமாறினால் உஸ்தாத் (ஆசிரியர்) புதுப் பாடத்தை நிறுத்திவைப்பார்.

மாணவர் உஸ்தாதின் எதிரே அமர்ந்து, குர்ஆனை மூடிவைத்துவிட்டு ஓதுகிறார். ஓரிடத்தில் சொல் வரவில்லை. உஸ்தாத் உடனே எடுத்துக்கொடுப்பதில்லை. மாணவர் இரண்டு வசனம் பின்னே போய், ஓட்டத்தைப் பிடித்து மீண்டும் வருகிறார். பெரும்பாலும் விட்ட சொல் அந்த ஓட்டத்திலேயே வந்துவிடும். வராவிட்டால்தான் உஸ்தாத் சொல்லித் தருவார். மறந்ததைத் தானே தேடி மீட்டெடுக்கும் அந்தச் சிறு போராட்டம்தான் பாடத்தை ஆழமாகப் பதிய வைக்கிறது.

இடநினைவுக்கும் இதில் பங்குண்டு. தொடக்கம் முதல் ஒரே அச்சுப் பிரதியில்தான் ஓத வேண்டும் என்பது ஹிஃப்ழு மாணவருக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரைகளில் ஒன்று. வசனம் வலப்பக்கத்திலா இடப்பக்கத்திலா, பக்கத்தின் மேலா கீழா என்பது கண்ணில் நிற்கும். ஏறத்தாழ ஒரேபோல் வரும் வசனங்களைப் பிரித்தறிய இது உதவுகிறது. அர்ரஹ்மான் ஸூராவின் 78 வசனங்களில் ஒரே வசனம் 31 முறை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் பின் எது தொடர்கிறது என்பதை மாறாமல் நினைவில் வைக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பயிற்சி ஊரார் முன் சோதிக்கப்படுகிறது. ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகையில், ஹிஃப்ழு முடித்த ஹாஃபிழ் குர்ஆனைப் பாராமல் பகுதி பகுதியாக ஓதி முடிக்கிறார். பிழை நேர்ந்தால் பின்னால் நிற்கும் இன்னொரு ஹாஃபிழ் எடுத்துக்கொடுப்பார். இந்தப் பொறுப்பு இருப்பதால், ஹிஃப்ழு முடித்துப் பல ஆண்டுகள் ஆனவர்களும் ரமலானுக்கு முன் எல்லாப் பாராக்களையும் புதுப்பித்துக்கொள்கிறார்கள்.

பிற மரபுகள் வேறு வழிகளில் சென்றன. வேத பாடசாலைகளின் கன பாடம் சொற்களை 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று முன்னும் பின்னுமாகக் கோத்து, ஒரு சொல்லும் இடம் மாறாதபடி காத்தது. அவதானக் கலை பல பணிகளைச் சில மணி நேரம் ஒருங்கே மனத்தில் தாங்கும் ஆற்றலை வளர்த்தது. கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் நூறு அவதானங்கள் கொண்ட சதாவதானம் நிகழ்த்தினார். கன பாடம் வரிசையைக் காக்கிறது, அவதானம் கவனத்தைக் கூர்மையாக்குகிறது, ஹிஃப்ழு முறை காலத்தை வென்று நிற்கிறது.

மனனம் செய்யும் முறைகளிடையே உள்ள வேறுபாடுகளை ஆய்வுக்கூடம் பின்னர் அளந்து பார்த்தது. 1885இல் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, ஒரே மூச்சில் படிப்பதைவிட நாட்களில் பரப்பிப் படிப்பது மேல் என்று கண்டார். 2006இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கியும் நடத்திய சோதனையில், ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் 81 விழுக்காடும், ஒருமுறை படித்து ஒருமுறை நினைவிலிருந்து எழுதியவர்கள் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரத்துக்குப் பின் அது 42, 56 என்று தலைகீழானது. 2013இல் டன்லோஸ்கியும் குழுவினரும் பத்துக் கற்றல் முறைகளை ஒப்பிட்டபோது, தன்னைத் தானே சோதித்தல், இடைவெளி விட்டுப் பயிலுதல் ஆகிய இரண்டையே மிகப் பயனுள்ளவை என மதிப்பிட்டனர். திரும்பத் திரும்பப் படிப்பதும் அடிக்கோடிடுவதும் கடைநிலையில் நின்றன.

ஆமூக்தாவின் சுழற்சி இடைவெளி விட்டுப் பயிலுதல்தான்; பாராமல் ஒப்பிப்பது தன்னைத் தானே சோதித்தல்தான். மனனம் என்றாலே பொருளற்ற உருப்போடல் என்று இகழ்பவர்கள் இந்த ஒழுங்கைக் காண்பதில்லை. சொல் பிசகாமல் காக்க வேண்டிய நூலுக்கு இது தலைமுறைகளாகக் கைகொடுத்த வழி. பொருள் அறிய வேறு கல்வி வேண்டும் என்பதை இந்த மரபும் உணர்ந்தே இருக்கிறது. அதனால்தான் ஹிஃப்ழு முடித்த மாணவர்கள் பலர் அரபு இலக்கணமும் குர்ஆன் விரிவுரையும் கற்பிக்கும் ஆலிம் படிப்பில் சேர்கிறார்கள். நெஞ்சில் ஏற்கெனவே இருக்கும் வசனங்களுக்கு அங்கே பொருள் காண்கிறார்கள்.