சென்னை – லண்டன்: வான்வழித் தூரமும் பயண நேரமும்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 8,230 கிலோமீட்டர். உருண்டையான பூமியின் மேல் இரு நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் அது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் அந்தக் கோட்டிலேயே பறந்தால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆனால், பயணச்சீட்டில் சுமார் பதினொரு மணி நேரம் என்று போட்டிருக்கும்.

கோடு போகும் இடங்கள்தான் முதல் காரணம். சென்னையிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, பாகிஸ்தானின் சிந்து மாகாணம், கிழக்கு ஈரான் வழியாகச் சென்று, சரிபாதித் தூரத்தில் காஸ்பியன் கடலுக்கு மேலே வருகிறது. பிறகு தெற்கு ரஷ்யாவையும் உக்ரைனையும் கடக்கிறது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 2019இல் பாலாகோட் தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தானும் ஜூலை 16 வரை தன் வான்வெளியை அடைத்து வைத்தது. விமானங்கள் அரபிக் கடல் பக்கம் சுற்றிப் போயின.

அடுத்தது காற்று. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று, லண்டன் போகும்போது எதிர்க்காற்று. திரும்பும்போது முதுகில் தள்ளிவிடும். அதனால் சென்னை திரும்ப ஏறக்குறைய பத்து மணி நேரமே போதும். காற்றின் கணக்கு எவ்வளவு பெரியது என்பதை ஏர் இந்தியா 2016 அக்டோபரில் காட்டியது. டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியும் நேரம் குறைந்தது!

விமான நிறுவனங்கள் அறிவிக்கும் பயண நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. இங்கே விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்கும் வரை ஓடுபாதைக் காத்திருப்பும் அதில் சேரும்.

கடிகாரத்தை மட்டும் நம்பினால் குழப்பம்தான். காலை 6 மணிக்குப் புறப்பட்டுப் பதினொரு மணி நேரம் பயணித்தால், குளிர்காலத்தில் லண்டன் நேரம் காலை 11.30, கோடையில் பகல் 12.30. இந்திய நேரம் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கோடையில் நாலரை மணியும் முன்னால் இருப்பதே காரணம்.

திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மணவாள நகரில் இருப்பவருக்குப் பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் முப்பது கி.மீ.யைச் சற்றே தாண்டும். சாலையில் நாற்பதுக்கு மேல். புறநகர் மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை 42 கி.மீ., பிறகு மெட்ரோ. விடியற்காலை விமானம் என்றால் இரண்டுமே கைகொடுக்காது. முந்தின இரவே கார் ஏற வேண்டும். பன்னாட்டுப் பயணிகள் மூன்று மணி நேரம் முன்னதாக வரவேண்டும் என்பதையும் கூட்டினால், மணவாள நகர் – ஹீத்ரோ பயணத்துக்குப் பதினைந்து மணி நேரமாவது ஒதுக்குவது நல்லது.