பாட்டுப் புத்தகத்தில் பறந்த விண்கலம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளி, வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டின் சுடரை அண்ணாந்து பார்க்கிறான். அவனுக்கு அது அதிசயமன்று, அன்றாடச் செய்தி. ஆனால் விண் என்றாலே தேவலோகம், பறப்பது என்றாலே நாரதர் என்று நம் திரை காட்டிக்கொண்டிருந்த காலமும் உண்டு. அந்தத் திரையிலே விண்ணைத் தேவரிடமிருந்து பறித்து மனிதனிடம் ஒப்படைத்த படம் ஒன்று வந்தது: 1963-இல் வெளியான 'கலை அரசி'!

காசிலிங்கம் இயக்கினார், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். வேற்றுக் கோளொன்றிலே அறிவியல் செழித்திருக்கிறது, கலையோ இல்லை. இசை கற்பிக்க ஆள் தேடிப் பூவுலகுக்கு வந்தவர்கள், பாட வல்ல பெண்ணைத் தூக்கிச் செல்கின்றனர். வரம் இல்லை, சாபம் இல்லை. கலம் இருக்கிறது, கருவி இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 21-இல்தான் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் எழுந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். கற்பனை முந்திக்கொண்டது! (1952-இலேயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கருடன் கூடி, 'காடு' படத்தில் மாமத யானைகளை உலவவிட்டது, அது வேறு கதை.)

இத்தகைய படங்களை வீட்டுக்குக் கொண்டு சென்றது எது? கொட்டகையில் சில்லறைக்கு விற்ற பாட்டுப் புத்தகம். அட்டையில் நடிகர் படம், உள்ளே நடிகர் பட்டியல், முடிச்சு அவிழும் இடத்திலே நிறுத்தி, மீதியைத் திரையில் காணச் சொல்லும் கதைச் சுருக்கம், பின்னர்ப் பாடல்கள். நுழைவுச் சீட்டுக்கு வழியற்றவனும் வாங்கிப் படித்த ஏடு அது. புலவர் அதை நூலென ஒப்பவில்லை; நூலகமும் பொருட்படுத்தவில்லை.

விளைவு என்ன? 1931-இல் வந்த முதல் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று படச்சுருளாக இல்லை. வெள்ளிக்காக உருக்கப்பட்ட பழஞ்சுருள்கள் எத்தனையோ! சுருள் அழிந்த படங்களுக்கு இந்த மலிவுத்தாள் ஏடே சாட்சி. 'பராசக்தி' உரையாடல் நூலாயிற்று, இசைத்தட்டாயிற்று, இளைஞர் நாவிலே நின்றது. அதனைக் காக்க ஓர் இயக்கமே இருந்தது. விண்வெளிக் கதைக்கு யார் இருந்தார்?

தனி மனிதர் இருந்தனர். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா, பிறர் எறிந்த அச்சுத்தாளையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. கடல் கடந்தோர் மதிப்பறிந்த பின்னரே நமக்கு விழிப்பு வந்தது! 'பிலிம் நியூஸ்' ஆனந்தன் திரட்டிய திரைச் செய்திகளை அரசு ஏற்றது 2002-இல்.

தோழர்களே, திருவள்ளூர், பொன்னேரி வீடுகளின் பரண்களில் இன்னும் எத்தனை ஏடுகள் கிடக்கின்றனவோ! எடைக்குப் போகுமுன் பிரித்துப் பாருங்கள். பலவற்றில் ஆண்டு அச்சிடப்பட்டிராது. அச்சகத்தின் பெயரும் விலையும் இருக்கும். விலை அணாவிலா, நயா பைசாவிலா என்று பாருங்கள். பைசாவாயின் அது 1957-க்குப் பிற்பட்டது.